என் கோப்பின் சாவி அவர்கள் மேசையில் இருந்தது

உதடுதான் முதலில் மரத்தது. அப்புறம் நாக்கு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், நிமோனியாவுக்காக (நுரையீரல் தொற்று) பென்சிலின் வகை மருந்தைச் சோதனைக்கென்று தோலுக்கடியில் ஒரு துளி போட்டிருந்தார்கள். அந்தத் துளிக்கே தொண்டை வீங்கி அடைத்துக்கொண்டது.

அந்த மருந்து எனக்கு ஆகாது என்பது முன்பே தெரிந்த விஷயம். நாவலூரில் ஒரு தனியார் மருத்துவமனை அதைக் கண்டுபிடித்துப் பதிவும் செய்திருந்தது. காகிதமாக எதுவும் தரவில்லை. கோப்பு கிளவுடில் (இணையவழிச் சேமிப்புக் கிடங்கு) இருக்கும், யார் திறந்தார்கள், யார் திருத்தினார்கள் என்பது பிளாக்செயினில் (பல கணினிகளில் ஒருசேரப் பதியும் குறிப்புச் சங்கிலி) நிற்கும் என்று மேலாளர் பெருமையாக விளக்கினார்.

"நீங்க ஓகே குடுக்காம யாரும் தொறக்க முடியாது மேடம். ஒருவாட்டி ஏறிட்டா எங்களாலயே அழிக்க முடியாது."

கல்பாக்கத்தில் கணக்கு டீச்சர் நான். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அன்றிரவு செங்கல்பட்டில் நான் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தபோது, என் கணவர் டாக்டரம்மாவிடம் சொன்னாராம்: "ஏதோ ஒரு ஊசி இதுக்கு ஒத்துக்காது மேடம். எதுன்னு தெர்ல. எல்லாம் கம்ப்யூட்டர்ல கீது."

டாக்டர் கோப்பைத் திறக்க அனுமதி கேட்டார். ஓடிபி (ஒப்புதலுக்கான ஒருமுறை எண்) வரும் என்று என் கணவர் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. மூச்சிரைப்பு ஏறிக்கொண்டே போனது. அதற்கு மேல் காத்திருக்க முடியாமல்தான் டாக்டர் சோதனைத் துளி போட்டார். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து (டிரக்கியாஸ்டமி) என்னைக் காப்பாற்றியவரும் அவர்தான். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

என் கோபம் முழுக்க நாவலூர் மேல். குழாயை எடுத்ததும் கரகரத்த குரலோடு அங்கே போய், ஓடிபி எங்கே போனது என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டாள்.

"பேஷண்ட்டுங்க ஓடிபி பார்த்துச் சொல்றதுக்குள்ள க்யூ நின்னுகினே இருக்கும்க்கா. அதான் எல்லாருக்கும் எங்க டெஸ்க் நம்பரையே போட்டுடுவோம். வூட்டுக்குப் போறப்ப அந்த போனை ஆஃப் பண்ணி டிராயர்ல வெச்சிடுவோம்."

நான் மூச்சுக்குத் தவித்தபோது என் உயிர் ஒரு டிராயருக்குள் கிடந்திருக்கிறது. இதை விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மேலாளர் பதறிக்கொண்டு வந்தார். எண்ணை உடனே திருத்திவிடலாம், நான் ஒப்புதல் கொடுத்தால் போதும் என்றார். திருத்தத்துக்கான காரணத்தையும் அவரே அடித்து வைத்திருந்தார்: 'நோயாளி தன் எண்ணை மாற்றிக்கொண்டார்.'

அதை அழித்துவிட்டு நானே அடித்தேன்: 'மருத்துவமனை தன் மேசை எண்ணையே நோயாளிகள் எல்லாருக்கும் பதிந்தது. அதனால் என் ஒவ்வாமை தெரியாமல் போய், தொண்டையில் துளையிட வேண்டிவந்தது.' ஒப்புதலை அழுத்தினேன்.

"ஐயோ, இன்னா மேடம் இப்பிடிப் பண்ட்டீங்க! இத எடுக்கவே முடியாதே!"

"தெரியும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

சிரிக்கப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. ஆனாலும் மனசு குளிர்ந்தது.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன். பதிவு செய்யும்போது உங்கள் கையில் இருக்கும் போன் ஒலிக்கிறதா என்று பாருங்கள். மருந்தின் பெயரைக் காகிதத்தில் எழுதிப் பர்ஸிலும் வையுங்கள்.

இப்போது வகுப்பில் என்னால் குரல் உயர்த்த முடிவதில்லை. மேசையைத் தட்டுகிறேன். பேசும் முன் விரல் தானாகக் கழுத்துத் தழும்புக்குப் போகிறது. நாளாக ஆக ஆறிவிடும் என்கிறார்கள். ஆற வேண்டாம். எந்த டாக்டர் என் கோப்பைத் திறந்தாலும் முதலில் அந்த வரியைப் படிக்கிறார். பிறகு நிமிர்ந்து என் கழுத்தைப் பார்க்கிறார். அந்த நேரத்தில் எனக்கு நன்றாக மூச்சு வருகிறது.