நாகஜோதியும் தொப்பி போடாத தம்பியும்

திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில் பால்சாமி, பெத்தம்மாள் தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நாகஜோதி. அவளுக்கு மூன்று வயது இளையவன் சுந்தரபாண்டி. இருவருக்கும் பிறவியிலேயே தோலில் நிறம் கிடையாது. தலைமுடி காய்ந்த சோளத்தட்டை மாதிரி இருக்கும். கண் வெளிச்சத்தில் கூசும், பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாது. ஊரில் அவளை வெள்ளச்சி என்றும் அவனை வெள்ளையன் என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

இந்தத் தோலுக்கு வெயில் எவ்வளவு பெரிய எதிரி என்பது நாகஜோதிக்கு இருபத்தாறு வயதில்தான் தெரிந்தது. கன்னத்தில் ஒரு புண் வந்து மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. மதுரையில் அதை வெட்டி எடுத்த டாக்டர், "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா புற்றுநோயா ஆகியிருக்கும்மா. இனிமே வெயில்ல மூடாம நடக்காதீங்க" என்றார். அன்றிலிருந்து அவள் குடை இல்லாமல் படி இறங்கியதில்லை. "மழையா பெய்யுது?" என்று கேட்காத ஆள் ஊரில் கிடையாது. முதல் வருஷம் நின்று பதில் சொன்னாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

தம்பியைத்தான் அவளால் விட முடியவில்லை. அப்பாவின் நாலு ஏக்கர் மானாவாரியையும் முப்பது ஆடுகளையும் அவன்தான் பார்த்தான். காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் வரைக்கும் கண்மாய்க் கரையில் மொட்டை வெயில். மதுரையில் ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தாள். ஒரே வாரத்தில் தொலைத்தான். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இன்னொன்று வாங்கினாள். அது ஆணியில் தொங்கி ஒட்டடை பிடித்தது.

"ஏலே, என் கன்னத்தப் பாத்துமா ஒனக்கு பயம் வரல?"

"நாளைக்குப் போடுறேன்க்கா."

ஏழு வருஷமாக அதே நாளை.

அவளுக்கு முப்பத்து நாலு வயதாகும்போது மதுரையிலிருந்து யுவராணி என்ற டாக்டர் ஒரு ஆய்வோடு திருச்சுழி வட்டாரத்துக்கு வந்தார். தோல் புற்றுநோய் வரக்கூடியவர்களைத் தேடி, அவர்களுடைய அன்றாடப் பழக்கத்தை மாற்ற முடியுமா என்று பார்க்கும் ஆய்வு. நிறமில்லாத தோல் உள்ளவர்களும், சீமைக்கருவேல் விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்தில் சுட்டுக்கொண்டு பழைய தீத்தழும்போடு இருப்பவர்களும் அதில் சேர்ந்தார்கள். தழும்பு பல வருஷம் கழித்துப் புண்ணாகி ஆறாமல் நின்றால் அதுவும் புற்றில் முடியலாம் என்றார் யுவராணி. தபாலில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த நாகஜோதியைக் களப்பணியாளராக எடுத்துக்கொண்டார்.

பதினாலு ஊர். எல்லா ஊருக்கும் தொப்பி, கிரீம், துண்டுப் பிரசுரம். அதில் ஏழு ஊருக்கு மட்டும் கூடுதலாக மாதம் ஒரு தடவை வீட்டுக்கே போய்ப் பேச வேண்டும். எந்த நேரத்தில் எதைச் செய்யும்போது தொப்பியை எடுத்து மாட்டுவது என்று அவரவரோடு உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். எந்த ஏழு ஊர் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். நாகஜோதியின் சொந்த ஊர் வெறும் பிரசுரப் பக்கம் விழுந்தது.

"அப்ப என் தம்பிட்ட நான் பேசக் கூடாதா மேடம்?"

"அக்காவா பேசலாம் ஜோதி. ஆய்வுல சொல்லிக் குடுத்த மாதிரி பேசக் கூடாது. ரெண்டு பக்கமும் ஒண்ணாயிட்டா எது வேலை செஞ்சதுன்னே தெரியாமப் போயிரும்."

அக்காவாகப் பேசி ஏழு வருஷமாக ஒன்றும் நடக்கவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

மற்ற ஊர்களும் லேசாக இல்லை. கரிமூட்டம் போடும் சங்கையாவுக்கு முழங்காலிலிருந்து கரண்டை வரைக்கும் தீத்தழும்பு. கால் முழுக்க மூடும் பேண்ட் போட வேண்டும், தினமும் தழும்பைப் பார்க்க வேண்டும் என்று அவரோடு திட்டம் போட்டிருந்தாள். கணக்குப் பதிய ஆய்வில் கொடுத்திருந்த டேப்லெட்டைத் திறந்துகொண்டு கேட்டாள்.

"போன ஏழு நாள்ல எத்தன நாள் தொப்பி போட்டீங்கண்ணே?"

"ஏழு நாளும் போட்டேன் தாயி."

"பேண்ட்டு?"

"அதுவும் ஏழு போட்டுக்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரி அள்ளிக்கொண்டிருந்தார். தலையில் ஒன்றுமில்லை. திரும்பி வரும் வழியில் அவருடைய மிளகாய்த் தோட்டத்தில் ஒரு பொம்மை நின்றது. தொப்பி, முழுக்கைச் சட்டை, பேண்ட் எல்லாம் அதற்குத்தான் போட்டிருந்தது. அந்த வட்டாரத்திலேயே சொன்னபடி கேட்டு நின்றது அது ஒன்றுதான். அடுத்த ஊரில் ஒரு வீட்டில் தொப்பிக்குள் கோழி அடை உட்கார்ந்திருந்தது. கிரீமைக் கல்யாணத்துக்குப் போகும்போது பூச என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். டேப்பில் எல்லாருக்கும் ஏழு, ஏழு, ஏழு. நாகஜோதிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இந்த நேரத்தில்தான் சுந்தரபாண்டியின் வலது காது மேல் மடலில் ஒரு பொருக்கு தெரிந்தது. உதிரும், ரத்தம் கசியும், மறுபடி பொருக்குக் கட்டும். மெடிக்கலில் ஏதோ களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தான். ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண் எந்த ஊரில் இருந்தாலும் டாக்டரிடம் அனுப்பியே ஆக வேண்டும் என்பது ஆய்வின் விதி. அவள் சீட்டு எழுதிக் கொடுத்தாள். முதல் தடவை ஆடு குட்டி போடுகிறது என்றான். இரண்டாம் தடவை உளுந்து விதைக்க ஈரம் போய்விடும் என்றான். மூன்றாம் தடவை திருச்சுழியில் முகாம் நடந்தபோது பஸ் ஏறினான். பாதியில் இறங்கிவிட்டான்.

சொந்த வீட்டில் அவளே கணக்கெடுக்கக் கூடாது என்பதால் யுவராணி நேரில் வந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொப்பி பற்றிக் கேட்டார். சுந்தரபாண்டி தயங்கவே இல்லை.

"ஏழு நாளும் போட்டேன்."

காபி போட்டுக்கொண்டிருந்த நாகஜோதி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"பொய் சொல்றான் மேடம். ஒரு நாளும் போடல. ஆணியில ஒட்டடையோட தொங்குது, எடுத்துட்டு வந்து காட்டவா?"

யுவராணி டேப்பை மடியில் கவிழ்த்து வைத்தார். அவனைப் பார்த்து, "சரி, அதை விடுங்க. தொப்பியப் போட்டா என்ன ஆகுது?" என்று கேட்டார்.



"காத்துக்குப் பறந்துருது. எங்க போய் விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒரு நாள் முள்ளுக்குள்ள மண்டி போட்டுத் தடவிக்கிட்டு இருந்தேன். நூறு நாள் வேலைக்கு வந்த பொம்பளையாளுக அம்புட்டுப் பேரும் நின்னு பாத்தாக. அந்தா இருக்கு, இந்தா இருக்குன்னு சொல்லிச் சிரிச்சாக. தொப்பி கால்மாட்டுலயே கெடந்திருக்கு."

நாகஜோதியின் கையிலிருந்த கரண்டியிலிருந்து காபி சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அதே கண்தான். கீழே விழுந்த சாவியைத் தேடித் தரையைத் தடவிய நாள்கள் அவளுக்கும் உண்டு.

"இத ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"நீ எப்பக் கேட்ட? ஏன்டா போடலன்னு வைவ. அதுக்கு என்னத்தச் சொல்ல?"

அவளுக்குக் கோபம் வந்தது. அவன் மேலா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்க அவள் நிற்கவில்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

யுவராணி காதைப் பார்த்துவிட்டு, புதன்கிழமை கட்டாயம் மதுரைக்கு வரச் சொன்னார். வாரேன் என்றான். புதன்கிழமை விடிந்து பார்த்தால் ஆளும் இல்லை, ஆடும் இல்லை. நாகஜோதி குடையோடு கண்மாய்க்கு நடந்தாள். கம்பை வாங்கினாள், முப்பது ஆட்டையும் திருப்பினாள், வீட்டுக்குப் பத்திக்கொண்டு வந்து பட்டியில் அடைத்தாள். "இன்னைக்கு நீங்க பாருங்கப்பா" என்று பால்சாமியிடம் கம்பைக் கொடுத்தாள். தம்பியைப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, அவன் இறங்க முடியாதபடி அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய்தான். கழுத்துக்குப் பரவவில்லை. காதில் பாதியை எடுத்தார்கள். பெத்தம்மாள் வார்டில் உட்கார்ந்து, "பொண்ணு குடுக்க வாரவுக என்ன சொல்லுவாக" என்று அழுதாள். உசிரு இருந்தால் பெண் பார்க்கலாம் என்று நாகஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

வீட்டுக்கு வந்த மறு வாரமே சுந்தரபாண்டி ஒரு பெரிய துண்டை எடுத்து நெற்றி வரைக்கும், இரண்டு காதும் மறைய, பின்னங்கழுத்தில் இறங்க உருமாக் கட்டிக்கொண்டான். பாதிக் காது யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகத்தான். இறுக்கிக் கட்டியதால் காற்றுக்குப் பறக்கவும் இல்லை. காலையில் கட்டினால் இருட்டின பிறகுதான் அவிழ்ப்பான். நெற்றியும் கழுத்தும் சிவப்பது நின்றுபோனது. ஏழு வருஷமாகத் தொண்டை வறளச் சொன்னதைச் செய்ய அரைக் காது போக வேண்டியிருந்ததே என்று நாகஜோதி ஆத்திரப்பட்டாள். ஆனாலும் சந்தையில் நல்ல பருத்தித் துண்டாக நாலு வாங்கிவந்து வைத்தாள்.

ஆய்வின் கடைசிக் கணக்கெடுப்பில் சுந்தரபாண்டி முதல் தடவையாக உண்மையைச் சொன்னான். தொப்பி போட்ட நாள்கள், பூஜ்யம். டேப்பில் அதுதான் பதிந்தது.

"மேடம், அவன் தலை தெரியவே மாட்டேங்குது. பூஜ்யமா?"

"கேள்வியில தொப்பின்னுதான் இருக்கு ஜோதி. பாதியில மாத்த முடியாது."

"அந்தப் பொம்மைக்குக் கூட ஏழு போட்டோமே."

யுவராணி சிரிக்கவில்லை. அறிக்கையில் துண்டைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதுவதாகச் சொன்னார், எழுதவும் செய்தார். அட்டவணையில் பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. நாகஜோதிக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு அக்காவும் தம்பியும் மதுரைக்குப் போனார்கள். அவன் காது நன்றாக ஆறியிருந்தது. கூட வந்தவளையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் நாகஜோதியின் கூந்தலை ஒதுக்கினார். ஜாக்கெட்டுக்கு மேலே, பின்னங்கழுத்தில், சொரசொரப்பாக ஒரு சின்னத் திட்டு. சாயங்கால வெயில் குடைக்குக் கீழே நுழைந்து வந்து படுகிற இடம். ஆரம்பம்தான், பயமில்லை என்று உறைய வைத்து அங்கேயே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

சுந்தரபாண்டி உட்கார்ந்த இடத்திலேயே ஆரம்பித்தான்.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குற. ஒன் கழுத்த நீ பாக்க மாட்டியா?"

"முதுகுல எனக்கென்ன கண்ணா இருக்கு?"

"அம்மாட்டக் காட்ட வேண்டியதுதான? கண்ணாடி இல்லையா வீட்டுல? குடையப் பின்னால சாச்சுப் பிடிச்சா என்ன, கை நோகுமா?"

காரியாபட்டி வரைக்கும் விடவில்லை. முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நாகஜோதி ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒனக்கு எத்தன வாட்டிதான்க்கா சொல்றது" என்றான் அவன். அன்றைக்கு அந்த பஸ் ஏறும் வரைக்கும் அவன் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை.