பட்டன், பட்டன், பட்டன்

எனக்குப் பார்வை கிடையாது. பள்ளிக்கூடம் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்பவர்களுக்கென்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதை இங்கே சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது அந்தக் கதை இல்லை. இது என் வேலையைப் பற்றியது.

மதுரையில் இருக்கும் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு, கொடைக்கானலில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி டெஸ்டிங் செய்கிறேன். அடுத்தவர் எழுதிய செயலியில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம். குறை சொல்வதற்கே காசு தருகிற வேலை உனக்கென்று அளவெடுத்துத் தைத்தது என்பார் என் வீட்டுக்காரர். அவர் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். மூடுபனி கெட்டியாக இறங்கிவிட்டால் எதிரில் எதுவும் தெரியவில்லை என்று வண்டியை நிறுத்திவிட்டு வந்துவிடுவார். எனக்கு அன்றும் வேலை நாள்தான்.

நாங்கள் சோதிக்கிற செயலி, தங்கும் விடுதிகளில் அறை பதிவு செய்வதற்கானது. அதை ஒரு தடவை சோதித்தால் போதாது. எழுதுகிறவர்கள் இங்கே ஒரு வரியை மாற்றுவார்கள், அங்கே ஒன்று உடையும். அதனால் செய்த சோதனையையே தினமும் திரும்பச் செய்ய வேண்டும். கையால் செய்தால் கிறுக்குப் பிடித்துவிடும் என்பதற்காகவே ஒரு டூல் வாங்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே போ, தேதியைக் கொடு, அறையைத் தேர்ந்தெடு, பணம் கட்டு, ரசீது வந்ததா பார் என்று வரிவரியாக எழுதிக் கொடுத்துவிட்டால், டூல் தானாகவே எல்லாவற்றையும் செய்து பார்த்து, சரியாக நடந்ததற்குப் பச்சையும் நடக்காததற்குச் சிவப்பும் போட்டு வைக்கும். அதை எனக்கு ஸ்க்ரீன் ரீடர் சொல்லும். திரையில் இருக்கிற எழுத்தையெல்லாம் குரலில் வாசிக்கிற மென்பொருள் அது. நான் வைத்திருக்கிற வேகத்தில் அது பேசுவது மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. எழுதுவதற்குக் கீபோர்டு. எங்கள் வீட்டில் மவுஸ் என்ற பொருளே கிடையாது.

இப்படி வருடக்கணக்காக நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த டூலுக்குப் புதிய பதிப்பு வந்தது. புது வசதிகளைப் பற்றி எங்கள் குழுவின் லீட் ஆன்லைன் மீட்டிங்கில் உற்சாகமாக விளக்கினார். என்னைவிட இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இனி யாரும் வரிவரியாக எழுத வேண்டாமாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னப் படம் இருக்கும், அதை மவுஸால் இழுத்து வந்து பலகையில் வைத்து, ஒன்றோடொன்று கோடு போட்டு இணைத்தால் சோதனை தயார். அது வேண்டாமென்றால், என்ன சோதிக்க வேண்டும் என்று சாதாரணப் பேச்சில் தட்டினால் டூலே சோதனையை அமைத்துத் தரும். போதாததற்கு, பார்வையில்லாதவர்கள் உட்பட எல்லோரும் ஒரு செயலியைப் பயன்படுத்த முடியுமா என்று சோதித்துச் சான்று கொடுக்கிற வசதியும் இருந்தது. அதைச் சொல்லும்போது லீட் என் பெயரையும் சேர்த்துச் சொன்னார், அக்காவுக்கு இது ரொம்பப் பிடிக்கும் என்று.

ஓட்டிப் பார்க்க இலவசமாகக் கொடுத்திருந்த பதிப்பை அன்று சாயங்காலமே திறந்து பார்த்தேன். ஸ்க்ரீன் ரீடர், 'பட்டன்' என்றது. அடுத்ததற்கு நகர்ந்தேன். 'பட்டன்.' அதற்கடுத்ததும் 'பட்டன்.' திரை முழுக்க அதே பாட்டுத்தான். எது சேமிக்கும், எது ஓட்டும், எது அழிக்கும் என்று ஒன்றுக்கும் பெயரில்லை. சாதாரணப் பேச்சில் தட்டலாம் என்றார்களே, எனக்கு எல்லாவற்றையும்விட உபயோகமாக இருந்திருக்கக் கூடியது அதுதான். அந்தக் கட்டமும் இந்தப் பட்டன்களில் ஏதோ ஒன்றுக்குப் பின்னால்தான் இருந்தது. படங்களை இழுப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், கீபோர்டுக்கு அங்கே வேலையே இல்லை. பழைய பதிப்பை மூன்று மாதத்தில் நிறுத்தப் போவதாக வேறு அறிவித்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்து எனக்கு வேலை இருக்காது என்று எனக்குத் தெளிவாகவே விளங்கியது.

லீடிடம் சொன்னேன். நிஜமாகவே வருத்தப்பட்டார். ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒரு தீர்வோடு வந்தார்.

"அக்கா, உங்களுக்கு ஒரு ஆளைப் போடுறோம். நீங்க சொல்லச் சொல்ல அவங்க கிளிக் பண்ணுவாங்க. நீங்க கஷ்டப்படவே வேண்டாம்."

அந்த ஆளுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்த பிறகு, எங்கள் இருவரில் யார் தேவைப்பட மாட்டார் என்று கணக்குப் போட எனக்குத் தெரியாதா? அதை லீடிடம் கேட்கவில்லை. நல்ல மனசோடு சொல்கிறவரிடம் எப்படிக் கேட்பது? யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. எல்லோரும் என்னிடம் மென்மையாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். செயலியை எழுதுகிறவர்களில் ஒருவர் இருக்கிறார், நான் எந்தத் தப்பைக் காட்டினாலும் அது தப்பே இல்லை என்று மணிக்கணக்கில் வழக்காடுவார். அவரே, "சரிங்க மேடம், பார்த்துக்கிறேன்" என்று பூப்போல ஒத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் பேசுகிற குரல் அது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் பாட்டுக்கு ஒரு யோசனை சொன்னார். "விடு. பின்னாடி கெடக்கிற ரெண்டு ரூமைச் சரி பண்ணி ஹோம்ஸ்டே விடுவோம். போன் எடுக்கிற சோலிய நீ பாரு."

"எனக்கு ஒரு சோலி இருக்குங்க," என்றேன். "அதை விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்."

அவர் டீ போட எழுந்து போய்விட்டார். கோபமில்லை, நான் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும்.

டூலை விற்கிற கம்பெனிக்கு எழுதினேன். தங்கள் கருத்துக்கு நன்றி, பரிசீலிக்கிறோம் என்று வந்தது. மறுபடி எழுதினேன், அதே பதில் அதே எழுத்தில் வந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு, எழுதுவது வீண் என்று விட்டுவிட்டு என் தொழிலை யோசித்தேன். நான் டெஸ்டர். ஒரு மென்பொருள் உடைந்திருக்கிறது என்றால் அதை நிரூபிக்கத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். லீடைக் கூப்பிட்டு, அந்தச் சான்று கொடுக்கிற வசதியை அந்த டூலின் மேலேயே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அது தன்னையே சோதித்து, தானே சிவப்புக் காட்டட்டும் என்று எண்ணம்.

பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார். குரலில் சந்தோஷம். "அக்கா, எல்லாம் பச்சை."

என் கம்ப்யூட்டரில்தான் கோளாறோ என்று அன்று முழுக்க நோண்டினேன். மறுநாள்தான் புரிந்தது. அது பட்டனுக்குப் பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. பெயர் இருந்தது, 'பட்டன்' என்று. ஒரு லாட்ஜில் ஒவ்வொரு கதவிலும் பலகை மாட்டி, எல்லாப் பலகையிலும் 'கதவு' என்று எழுதி வைத்தால் எப்படியோ அப்படி. அதற்குச் சான்றிதழும் கொடுக்கிறார்கள். புரிந்ததும் எனக்கு வந்தது வருத்தமில்லை, நல்ல தெம்பு. இத்தனை நாள் என் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது என் கையில் அவர்களுடைய தப்பு இருந்தது.

புதிய பதிப்பைப் பணம் கட்டி வாங்குவதற்கு முன் ஒரு மீட்டிங் வைத்திருந்தார்கள். விற்பனைக் கம்பெனியிலிருந்து ஒருவர் சென்னையிலிருந்தபடி புது வசதிகளைச் செய்து காட்டுவார், எங்கள் மேலாளரும் வருவார். எனக்கு ஐந்து நிமிஷம் வேண்டும் என்று லீடிடம் கேட்டேன். தயங்கினார், ஆனாலும் வாங்கிக் கொடுத்தார். அன்று விடிந்ததிலிருந்தே மழை. கரண்ட் போய்விடும் என்று வீட்டுக்காரர் வெள்ளனே எழுந்து லேப்டாப்பையும் இரண்டு போன்களையும் சார்ஜில் போட்டிருந்தார். எதிர்பார்த்தபடியே கரண்ட் போனது, மீட்டிங் தொடர்ந்தது.

சென்னைக்காரர் அழகாகத்தான் பேசினார். என் முறை வந்ததும் அவருடைய திரையைப் பகிர்வதை நிறுத்தச் சொன்னேன். அவர் தயாரித்து வைத்திருந்த அதே சோதனைப் பலகையை என் கம்ப்யூட்டரில் திறந்து, சத்தத்தை மட்டும் அனுப்பினேன். ஸ்க்ரீன் ரீடரை மற்றவர்களுக்குப் புரிகிற வேகத்துக்குக் குறைத்திருந்தேன். பட்டன், பட்டன், பட்டன் என்று அது நிதானமாக வாசித்துக்கொண்டு போனது. யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

"சார், ஒரு புது டெஸ்ட் ஆரம்பிக்கணும். எதை அழுத்தட்டும்?"

அவர் யோசித்தார். சொந்த டூல்தானே, தெரியாதா என்ன? "மூணாவதா இருக்கும்," என்றார்.

மூன்றாவதை அழுத்தினேன். ஏதோ ஒரு கேள்விப் பெட்டி வந்தது. அதில் என்ன கேட்கிறது என்று ஸ்க்ரீன் ரீடருக்குத் தெரியவில்லை. 'பட்டன்' என்றது, மறுபடி 'பட்டன்' என்றது. எது என்றேன். முதலாவது என்றார். அழுத்தினேன். 'நீக்கப்பட்டது' என்று ஸ்க்ரீன் ரீடர் சொன்னது. அந்த டூலில் அது ஒழுங்காகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவர் காலையிலிருந்து செய்து காட்டிய சோதனை முழுவதும் போய்விட்டது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் கொஞ்சம் திணறிவிட்டு, அவர்களுடைய சோதனையில் இந்தத் திரை பாஸாகியிருக்கிறதே என்றார். பாஸானதுதான் என் புகாரே என்றேன்.

அப்போதுதான் மேலாளர் வாயைத் திறந்தார். கடுமையாகச் சொல்லவில்லை, நியாயம் பேசுகிற குரலில் சொன்னார். எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கிற ஒன்றை ஒருவருக்காக நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டார்.

"நான் ஒருத்தி இல்லை சார்," என்றேன். "நம்ம செயலியில ரூம் போடுறவங்கள்லயும் என்னை மாதிரி ஆளுங்க இருக்காங்க. அவங்களுக்கு இது சரியா இருக்குன்னு நமக்குப் பச்சை காட்டப்போறது இந்த டூல்தான். இதை நம்பி நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

தகரக் கூரையில் மழை கொட்டியதால் என் குரல் அவர்களுக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக, அதையே சொன்னேன். போட மாட்டேன் என்றார் மேலாளர். இவர்கள் இதைச் சரிசெய்கிற வரைக்கும் பழைய பதிப்பிலேயே இருப்போம், அதை இவர்கள் நிறுத்தக் கூடாது, பணமும் அதற்குப் பிறகுதான் என்று லீட் சொன்னார். பணம் என்றதும் பரிசீலனை வேகமாக நடந்தது.

அதற்குப் பிறகும் விட்டுவிடவில்லை. அவர்கள் திருத்தி அனுப்பிய ஒவ்வொன்றையும் சோதித்தேன், திருப்பி அனுப்பினேன். சேமிக்கும் பட்டனுக்கு 'சேமி' என்று பெயர் வைக்க ஒரு பெரிய கம்பெனிக்கு எத்தனை பேர், எத்தனை வாரம் தேவைப்படுகிறது என்பதைக் கிட்டத்தில் இருந்து கவனித்தேன். கடைசியில் மழைக்காலம் முடிந்து குளிர் ஆரம்பித்தபோது சரியான பதிப்பு வந்தது. கூடவே புது வசதிகள் என்று ஒரு பட்டியல். அதில் நடுவில் ஒரு வரி: கீபோர்டு மட்டும் கொண்டு முழுமையாக இயக்கலாம். பழைய பதிப்பில் என்னிடம் இருந்ததுதான். பிடுங்கிக்கொண்டு, போராடி வாங்கியதும் அதற்குப் புது வசதி என்று பெயர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இது வசதி இல்லை, பிழைத்திருத்தம், பட்டியலை மாற்றுங்கள் என்று எழுதிப் போட்டேன். விடுங்கக்கா, அதான் செஞ்சுட்டாங்கல்ல என்றார் லீட். நான் விடுவதாக இல்லை. இன்னும் பதில் வரவில்லை, மாதத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பதிப்பில் முதல் நாளே சோதனைகளை ஏற்றி ஓட்டினேன். ஒன்று சிவப்பு. வாடிக்கையாளர் அறையை ரத்து செய்த பிறகும் அது காலியாகாமல் நிற்கிறது. குறித்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது, வழக்காடுகிறவர்தான். எடுத்ததுமே கத்த ஆரம்பித்தார். அவர் எழுதியதில் ஒரு தப்பும் இல்லையாம், என் டெஸ்ட்தான் தப்பாம், நேற்று வரைக்கும் ஓடியதாம், நான் வேலையற்றுப்போய் அவர் வேலையைக் கெடுக்கிறேனாம். மேடம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அந்த ஆஸ்பத்திரிக் குரல் போயே போய்விட்டது. அவர் மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்தேன்.

"என் டெஸ்ட்ல தப்பு இல்லை, நீங்க எழுதினதுலதான் இருக்கு," என்றேன். "நான் ஸ்க்ரீனை ஷேர் பண்றேன், நல்லாப் பாருங்க."