தண்ணீருக்கு அடியில் ஒட்டுப் போட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை, விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். ஓட்டை எங்கே என்று பார்க்கத் தண்ணீருக்குள் சிரிஞ்சால் சிவப்புச் சாயம் விட்டுக்கொண்டிருந்தபோது சேவியரின் மனைவி செல்வராணி போன் செய்தாள். "அண்ணே, அவுக போயிட்டாக," என்றாள். விடிகாலையில் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார் சேவியர். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. நான் அவரிடம் ஒத்துக்கொள்ள வேண்டிய காரியம் ஒன்று மூன்று வருடமாகத் தொண்டையில் கிடந்தது. இனி அதைச் சொல்ல அவர் இல்லை.

அவரைத் தெரிந்த உங்களில் பலர், "குளம் கழுவுற சேவியர்" என்பீர்கள். கழுவுவது என் வேலை. அவர் வேலை வேறு. சில குளங்களுக்கு டைல்ஸ் கிடையாது, உள்ளே நீல நிற வினைல் ஷீட் விரித்திருப்பார்கள். லைனர் என்போம். அது கிழிந்தால் தண்ணீரை இறைத்துவிட்டு ஒட்ட முடியாது. நம் ஊர் வெயிலுக்கு ஒரே நாளில் சுருங்கி, மூலையெல்லாம் பிய்ந்துவிடும். ஆகவே வட்டமாக வெட்டிய துண்டில் பசையைத் தடவி, தோசை போல மடித்து எடுத்துக்கொண்டு மூச்சடக்கி உள்ளே போவார் சேவியர். அடியில் அதை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே இருப்பார். கரையில் நிற்கிற எனக்குத்தான் மூச்சு முட்டும்.

அவர் எம். புதுப்பட்டிக்காரர். பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை பார்த்தவர். மூன்று ரூம் தள்ளி ஒரு ரூம் வெடித்த அன்றோடு அந்த வேலையை விட்டார். ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "தண்ணி தீப்பிடிக்காதுல்ல அண்ணாச்சி," என்றார். என்னைவிட எட்டு மாதம் மூத்தவர், ஆனாலும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆலைப் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. எந்த ரூமுக்குள் போகுமுன்னும், உடம்பில் உள்ள கரண்டை இறக்குகிற மாதிரி, வாசலில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் காலை எடுத்துவைப்பார். "குளத்துக்கும் எர்த் குடுத்துட்டு இறங்குங்க," என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில், தீபாவளி சீசன் சமயம், லைனரின் மேல் விளிம்பு, சுவரில் அதைச் சொருகியிருக்கும் காடியை விட்டுக் கழன்றிருந்தது. சேவியராக இருந்தால் வெந்நீர் ஊற்றி, இளக்கி, இழுத்து மாட்டுவார். எனக்கு அம்புட்டுப் பொறுமை கிடையாது. அவருக்குத் தெரியாமல், அனல் காற்றை ஊதுகிற ஹீட் கன் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அவர் தண்ணீருக்குள் இருந்தபோது மோட்டார் ரூமுக்குள் போய் அதைச் சொருகிச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய அட்டைப்பெட்டி அடுக்கு. வாகாக இருந்ததால் ஹீட் கன்னை அதன்மேல் வைக்கப் போனேன்.

சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றார் சேவியர். உள்ளங்கை கதவு நிலையில் இருந்தது. தார்ப்பாயின் ஓரத்தில் தெரிந்த பெட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, கைல இருக்கத எங்கனயும் வச்சிராதீக. சுவிட்சயும் தொடாதீக. அப்பிடியே பிடிச்சிக்கிட்டு வெளிய வாங்க."

ஒயர் நீளமாக இருந்தது, வந்துவிட்டேன். வெளியே மெயினை அணைத்தார். அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அத்தனை பெட்டியிலும் பட்டாசுச் சரக்கு. அந்த ரூமின் சுவருக்கு மறுபக்கம் காவல்காரரின் மனைவி, மூன்று பிள்ளைகளுக்கு அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள்.

வரும் வழியெல்லாம் நான் கெஞ்சினேன். அந்த முதலாளி சொன்னால்தான் மற்ற நாலு தோட்டத்திலும் நமக்கு வேலை, பேசாமல் இருங்கள் என்றேன். "நான் பயந்தவன் அண்ணாச்சி. அந்தப் பிள்ளைகள நெனச்சா எனக்குச் சோறு இறங்காது," என்றார். மறுநாளே சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்ப் பெயர் போடாமல் மனுக் கொடுத்துவிட்டார். அதிகாரிகள் வந்து சரக்கை எடுத்துப்போனார்கள்.

நாலாம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். சத்தமெல்லாம் போடவில்லை. எழுதியது யார் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். சேவியர் என்று சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? ஆலை வெடித்ததிலிருந்து அவருக்குப் புத்தி கொஞ்சம் சரியில்லை என்றும் சொன்னேன். என் வேலை தப்பியது. அன்று முதல் சேவியரை எந்தத் தோட்டத்துக் கேட்டுக்குள்ளும் விடவில்லை. பள்ளிக்கூடத்துக் குளங்கள் மட்டும் மிஞ்சின. அந்த வருடம் தன் மகளை நர்சிங் சேர்க்க முடியாமல் வீட்டில் வைத்திருந்தார். கிறுக்கன் என்ற பெயரும் ஊரில் பரவியது. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் பசை தடவிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "எவனோ பயந்துபோயி எம்பேரச் சொல்லியிருக்கான். பாவம். பயம் மனுசன என்ன பாடுபடுத்தும்னு எனக்குத் தெரியும்." அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். நான் கத்தரியை எடுத்துக் கொடுத்தேன்.

முப்பதாம் நாள் ஜெபத்தில் கொடுக்கச் சிவகாசியில் ஒரு சின்னப் புத்தகம் அச்சாகிறது. "அவுக கூட கடைசி வரைக்கும் நின்னது நீங்கதாண்ணே, நீங்களே எழுதுங்க," என்றாள் செல்வராணி. அச்சகத்துக்குப் போகுமுன் இந்தத் தாளை அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன். போடச் சொல்வாளா, கிழித்தெறிவாளா, இனி வீட்டு வாசலை மிதிக்காதே என்பாளா, தெரியாது. பயந்துகொண்டே போய்ச் சொல்லிவிட்டு வருவதுதான் சேவியரின் வழக்கம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள நினைப்பது அது ஒன்றைத்தான்.

செல்வராணி, அவர் பெயரைச் சொன்னவன் நான்.