இரண்டாவது ஆல்பத்தில் என் குரல்

அவனுடைய இரண்டாவது ஆல்பம் வெளிவந்த அன்று நான் அரை நாள் லீவு போட்டேன். நாற்பத்து மூன்று வயதில், ஒரு ராப் பாடகனுக்காக லீவு எழுதிக் கொடுத்தவள் எங்கள் அலுவலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காரணம் கேட்கும் இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். அது பொய்யில்லை. அவனை நான் சொந்தம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு நாகர்கோவிலில் வீடு, தக்கலையில் தட்டச்சு வேலை. தினமும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும் தோழி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், சில வருடங்களுக்கு முன்பு ஒருநாள் தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் செருகினாள். "அக்கா, இத கேளுங்க. நம்ம பக்கத்துப் பையனாக்கும்."

ராப் என்றால் அதுவரை எனக்கு யாரோ யாரையோ மிரட்டுவது. இவன் யாரையும் மிரட்டவில்லை. மழை பெய்தால் ரப்பர் பால் வெட்டப் போக முடியாமல் வீட்டிலிருந்து எல்லாரையும் ஏசும் தன் மாமனைப் பற்றி, எங்கள் பேச்சிலேயே மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனான். 'எனக்க', 'உனக்க', 'கொள்ளாம்', 'சவம்' எல்லாம் அப்படியே வந்து விழுந்தன. நான் மதுரையில் படித்தபோது என் பேச்சைக் கேட்டு "நீ மலையாளியா?" என்று விடுதியே சிரித்திருக்கிறது. மூன்று வருடம் ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள்ளேயே மாற்றி, பிறகுதான் வெளியே விட்டேன். இந்தப் பையன் ஒன்றையும் மாற்றவில்லை. பஸ் வில்லுக்குறி தாண்டும்போது அவளுடைய இன்னொரு இயர்போனையும் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

அவனை முதலில் கேட்டவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். என்னையும் சேர்த்து நாற்பது பேர் இருப்போம். அவனும் அதில் இருந்தான். குழுவுக்கு அவன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. பாட்டைப் பற்றி என்ன சொல்வதானாலும் எழுதக் கூடாது, குரலில் பேசித்தான் அனுப்ப வேண்டும். "எழுதினா நம்ம இழுப்பு போயிரும். எழுத்துல எல்லாவனும் ஒரே ஊர்க்காரனாயிருவான்" என்றான். பகல் முழுக்கத் தட்டச்சு செய்கிறவளுக்கு இது பிடிக்காமல் இருக்குமா?

ஒரு பாட்டு வந்தால் அன்று சாயங்காலத்துக்குள் அத்தனை பேருடைய அபிப்பிராயமும் வந்துவிடும். மீன் கழுவும் சத்தத்தோடு ஒரு குரல், சாயாக் கடை இரைச்சலோடு ஒரு குரல். வளைகுடாவில் கிரேன் ஓட்டும் ஒரு அண்ணன் கிரேனில் இருந்தபடியே பேசுவார். பிடித்துவிட்டால் "கொள்ளாம்லே" என்பார் ஒருவர். "சவம், அந்த ரெண்டாவது வரிய மாத்து மக்கா" என்பார் இன்னொருவர். அவன் மாற்றுவான். அப்படித்தான் முதல் ஆல்பம் உருவானது. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று நாங்கள் நம்பினோம்.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் ஒரு அப்பா வளைகுடாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வருவார். தன் வீட்டிலேயே எந்த நாற்காலி தன்னுடையது என்று தெரியாமல் நிற்பார். அதை நான் மொட்டை மாடியில் துணி காயப் போட்டபடி கேட்டேன். முடிந்ததும் குழுவில் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

என் அப்பா பதினெட்டு வருடம் அங்கே இருந்தவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோப்பும் டார்ச்சும் கொண்டு வரும் விருந்தாளியாகத்தான் அவரை எனக்குத் தெரியும். வேலை முடிந்து வீட்டோடு வந்த பிறகு எல்லாவற்றிலும் தலையிட்டார். கேஸை மூடினாயா, கதவைப் பூட்டினாயா, யாரோடு போனில் பேச்சு. ஒருநாள் நான் வேலை விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஏன் இவ்வளவு நேரம் என்றார். நான் கத்தினேன். "நீங்க எதுக்கு இங்க வந்திய? அங்கயே கெடந்திருக்க வேண்டியதுதான?" நல்லவேளையாக அம்மா அப்போது வடசேரிச் சந்தைக்குப் போயிருந்தாள். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். பத்தாவது நாள் மாரடைப்பில் இறந்துபோனார்.

அதுவரை யாரிடமும் சொல்லாத இதை, ஒரு பாட்டைப் பற்றிய அபிப்பிராயமாக நாற்பது பேரிடம் சொன்னேன். அந்த வாக்கியம் வந்தபோது, அன்று கத்தியது போலவே கத்தினேன். பிறகு அழுதேன். பதிலுக்கு வந்த குரல்களிலும் அழுகை இருந்தது. கிரேன் அண்ணன் "எனக்க மோளும் இப்படித்தான் நெனச்சிருப்பா" என்று சொல்லிவிட்டுக் கிரேனை நிறுத்தினார். தோழி மறுநாள் பஸ்ஸில் தக்கலை வரும்வரை என் கையை விடவில்லை. அவன் தனியாக எனக்கு ஒரு குரல் அனுப்பினான். "அக்கா, இத நான் பத்திரமா வச்சுக்கிடுவேன்." அதை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு அவன் ஒரு சினிமாப் பாட்டு பாடினான். கல்யாண மண்டபம், கோயில் கொடை, கல்லூரி விழா, எங்கே போனாலும் அதுதான். குழுவில் புது ஆட்கள் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். அவன் பேசுவது குறைந்தது, பிறகு நின்றது. "பாவம், அவனுக்கு நேரமில்ல" என்று அவனுக்காக நானே பரிந்து பேசினேன்.

இரண்டாவது ஆல்பத்தை வீட்டில் தனியாகக் கேட்டேன். அம்மா சபையில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். முதல் நான்கு பாட்டிலும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எந்த ஊர் என்றே சொல்ல முடியாத பேச்சு. கார், கூலிங் கிளாஸ், எதிரிகள். இவனுக்கு எதிரி யார்? ரப்பர் வெட்டும் மாமனா? இவனும் யாரையோ மிரட்டத் தொடங்கியிருந்தான்.

ஐந்தாவது பாட்டுக்கு முன்னால் ஒரு கதவு திறக்கும் சத்தம். தள்ளாடும் காலடி, ஒரு குடிகாரனின் ஏப்பம். உடனே ஒரு பெண் கத்துகிறாள். "நீங்க எதுக்கு இங்க வந்திய? அங்கயே கெடந்திருக்க வேண்டியதுதான?" கூட்டமாகச் சிரிப்பு. பிறகு "வந்திய, வந்திய, வந்திய" என்று அதையே திரும்பத் திரும்பப் போட்டு, அதன்மேல் தாளம் ஏறியது.

அது என் குரல். குடித்தே அறியாத என் அப்பாவைக் குடிகாரனாக்கி, என்னை அவருக்குப் பெண்டாட்டியாக்கி, ஊரைச் சிரிக்க வைத்திருந்தான்.

குழுவைத் திறந்தேன். பழைய ஆட்கள் மட்டும் சட்டத்தை மறக்காமல் குரலில் திட்டிக்கொண்டிருந்தார்கள். "சினிமா இவன கெடுத்துட்டு." "மொதல்ல உள்ளதுக்குப் பக்கத்துல வராது." புதியவர்கள் விடவில்லை. "பின்ன, காலம் முழுக்க ரப்பர் தோட்டத்தையே பாடிட்டு இருக்கணுமா?" இப்படி அடித்துக்கொண்டவர்கள் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். அதைக் கிரேன் அண்ணன்தான் முதலில் சொன்னார். "ஆனா அந்தப் பொம்பள ஏசுகது கொள்ளாம். அது ஒண்ணுதான் நம்ம ஊரு சாதனம்." மறந்துவிட்டாரா? நாற்பது பேரும் மறந்துவிட்டார்களா? அது யாருடைய குரல், யாரிடம் சொன்னது என்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

தோழி மறக்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் என் தொடையில் தட்டி, "அக்கா, உங்க சத்தம் ஹிட்டாயிட்டு, பாத்தியளா?" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். நான் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று முதல் நான் அவள் பக்கத்தில் உட்காருவதில்லை.

அவனுக்குக் குரல் அனுப்பினேன். "அத எடுத்துரு மக்கா. அது எனக்க அப்பாட்ட சொன்னது. எனக்க அம்மைக்கு இது தெரியாது." நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. சாரி அக்கா, டீம் பண்ணினது, இனி எடுக்க முடியாது, உங்க பேர் எங்கேயும் இல்லையே. கும்பிடும் கை ஒன்று. எல்லாம் எழுத்தில், அதுவும் ஆங்கில எழுத்தில். எழுதக் கூடாது என்று எங்களுக்குச் சட்டம் போட்டவன் எனக்கு எழுதி அனுப்பினான். எனக்கு அழுகை வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது.

அதற்குள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு என் குரலுக்கு வாயசைக்கும் வீடியோக்கள் பெருகிவிட்டன. எனக்கு இருந்த பயமெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். அம்மா போனில் வீடியோ வரும் ஆப் எல்லாவற்றையும் நீக்கினேன். கேட்டதற்கு, போன் பழசாகிவிட்டது என்றேன். இரண்டு வாரம் அப்படி ஓடியது.

ஒரு சனிக்கிழமை அம்மாவும் நானும் துணி எடுக்கக் கோட்டாறுக்கு டவுன் பஸ்ஸில் போனோம். முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி போனை உயர்த்திப் பிடித்தாள். கதவு, காலடி, ஏப்பம், நான். சிரித்துவிட்டு மறுபடியும் போட்டார்கள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, இது நீயில்லா?"

"யாரோ சினிமாக்காரியம்மா."

கோட்டாறில் இறங்கினோம். துணிக்கடை வாசல்வரை வந்தவள் படியேறாமல் நின்றாள்.

"அண்ணைக்கு நான் சந்தைக்குப் போவாம பாதி வழியில திரும்பி வந்துட்டேன். பொறவாசல்லதான் நின்னேன்" என்றாள். "அப்பா போன பொறவும் நான் கேட்டதா காட்டிக்கிடல்ல. உனக்க மனசு நோவும்ணு, இத்தன வருசம் ஒருத்தருட்டயும் சொல்லல்ல." பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நீயே போய் வெளிய சொன்னியா?"

"நாப்பது பேர்ட்ட மட்டுந்தாம்மா" என்றேன்.