கேப்டன் வீட்டுச் சுவர்

மராத்திச் சீமையில், தாபோடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு முதல் முறை வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதில்லை, சுவரைத்தான் பார்ப்பார்கள். வீடு என்னவோ இரண்டே அறை, மேலே ஓடு. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் கருங்கல் சுவர். இத்தனூண்டு வீட்டுக்கு இவ்வளவு பெரிய காவலா என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்பாவுக்கு மட்டும் தோன்றவில்லை, ஏனென்றால் அவரிடம் கேப்டன் இருந்தார்.

ஒரு வெள்ளைக்காரக் கேப்டன்தான் இதைக் கட்டிக் குடியிருந்தார் என்று விற்றுக்கொடுத்த புரோக்கர் சொல்லியிருந்தான். அப்பா ராணுவப் பணிமனையில் வேலை பார்த்தவர், கேப்டன் என்றாலே அவருக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும். சுவரில் வரிசையாக இரும்பு வளையங்கள் இருந்தன. கேப்டனின் குதிரைகளைக் கட்டத்தான். மூலையில் ஒரு நீளக் கல்தொட்டி. குதிரைகள் தண்ணீர் குடிக்கத்தான். வருடம் ஆக ஆகக் குதிரைகள் பெருகின. ஒரு தீபாவளிக்கு வந்தவர்களிடம் கேப்டனுக்குக் கல்யாணமும் செய்து வைத்துவிட்டார். வளையங்களோ என் முழங்கால் உயரத்தில் இருந்தன. “ஏம்ப்பா, கேப்டன் ஆட்டுக்குட்டி மேலயா சவாரி போனாரு?” என்று கேட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கேலி செய்தேனே தவிர, கேப்டன் யாருக்காக என்பது எனக்குத் தெரியும். கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது அப்பாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. “அவன் இனி எங்க வரப்போறான்” என்று பெரியப்பா சொன்னதாகச் செய்தி வந்தது, கையெழுத்துப் போடுவதற்குப் பத்திரம் தபாலில் வந்தது. அப்பா மறுபேச்சில்லாமல் போட்டு அனுப்பினார். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற பணத்தில் இந்தக் கல்வீட்டை வாங்கினார். போட்டோ அனுப்பியதற்குப் பெரியப்பாவின் பதில், “கோழிக்கூட்டுக்குக் கோட்டைச் சுவரால?” என்பதுதான். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே ஆசை. அண்ணன் ஒரு தடவை இந்த வாசலில் நின்று, நல்ல வீடு என்று வாயால் சொல்ல வேண்டும். பெரியப்பாவோ என் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை.

போன வருடம் வந்தார். எங்களுக்காக இல்லை. ஷீரடி போகிற வழியில் ஒரு பகல். அந்த ‘வழியில்’தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பாவுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. வளையங்களுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார், தொட்டியில் பாசியைத் தேய்த்துத் தண்ணீர் நிரப்பினார். குதிரையே வரப்போகிறதோ என்று அம்மா முணுமுணுத்தாள்.

பெரியப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்தார். அப்பா கூடவே நடந்து கேப்டனைச் சொல்லிக்கொண்டு வந்தார். “ம்” என்பதைத் தவிர அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துச் சந்தில் இருக்கும் மராத்திப் பெரியவர் கொய்யாப்பழங்களோடு வந்தார். நெடுங்காலம் மகனோடு நாக்பூரில் இருந்துவிட்டு, அண்மையில்தான் சொந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தார். அப்பா இருந்த குஷியில் கேப்டனை அவருக்கும் இந்தியில் அறிமுகப்படுத்தினார்.

பெரியவர் சிரித்தார். “எந்தக் கேப்டன்? இது கோண்ட்வாடா ஆச்சே!” என்று இந்தியிலேயே சொன்னார். இங்கெல்லாம் வயலாக இருந்த காலத்தில், பயிரில் மேய்ந்த மாடுகளைப் பிடித்து வந்து அடைத்து வைத்த இடமாம். இரண்டு அறையும் காவல்காரனுக்கு. அவர் வீட்டு எருமையே இரண்டு முறை இங்கே கிடந்ததாம், சின்ன வயதில் தன் அப்பாவோடு வந்து தண்டம் கட்டி மீட்டுப் போனாராம்.

எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை காலம் இந்தச் சுவர் வெளியாட்களைத் தடுக்கத்தான் நிற்கிறது என்று நினைத்திருந்தோம். அது உள்ளே இருப்பது வெளியே போகாமலிருக்க எழுப்பிய சுவர். வீட்டுக்குச் சுவர் கட்டவில்லை, சுவருக்குக் காவலாக வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

“என்னம்மா சொல்லுதாரு?” என்றார் பெரியப்பா. அவருக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. கேப்டன் ரொம்ப நல்ல மனுஷராம் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

“கேப்டனும் இல்ல, குதிரையும் இல்லண்ணே. இது பவுண்டாம். நம்மூர்ல மாட்டைப் புடிச்சு அடைப்பாகள்லா, அந்தப் பவுண்டு.”

அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெரியப்பா சிரிக்கப் போகிறார், ஊரே சிரிக்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து ஒரு வளையத்தை ஆட்டிப் பார்த்தார்.

“மீட்க ஆளு வராத மாட்டை என்ன செய்வாகளாம்? கேளும்மா.”

கேட்டேன். கொஞ்ச நாள் பார்ப்பார்கள், பிறகு ஏலம் போட்டுவிடுவார்கள் என்றார் மராத்திப் பெரியவர். கொய்யாப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். வாசலில் எந்த ஆள் நுழைந்தாலும் படுத்திருக்கிற மாடுகள் எல்லாம் எழுந்து நிற்குமாம், நம்ம ஆள்தானோ என்று.

அதை அப்படியே தமிழில் சொன்னேன். பெரியப்பா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார்.

“நான் முன்னமே வந்திருக்கணும்ல” என்றார்.

“தண்டம் கட்டச் சொல்லிருவாகன்னு பயந்துட்டீகளாக்கும்” என்று அப்பா சிரித்தார்.

பெரியப்பா சிரிக்கவில்லை. வீட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தவர், ஷீரடி வண்டி வந்து ஹாரன் அடிக்கும்வரை விடவில்லை.