ஆறாவது தறிக்குழி

பட்டு விஷயத்தில் தருமனை ஏமாற்ற ஆரணியில் ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு இழையை விரலிடுக்கில் ஓடவிட்டால் போதும். எத்தனை புரி, பசை போகக் காரத்தில் எவ்வளவு நேரம் வெந்தது, சாயக்காரனுக்கு எந்த இடத்தில் கை சலித்தது என்று சொல்லிவிடுவான். மட்டப் பட்டை அவன் தலையில் கட்டப் பார்ப்பதை வியாபாரிகள் எப்போதோ விட்டுவிட்டார்கள். அப்பேர்ப்பட்டவன் ஒரு வீடு வாங்கினான். தெருவில் அதைச் சொல்லும்போது இன்றைக்கும் யாராவது ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

நெய்கிறவனுக்கு வீடு என்பது முதலில் ஒரு குழி. தரையில் தொடையளவு ஆழம் தோண்டி, விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதியை மிதிக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள் தோண்ட விடுவார்கள். காலி செய்யும் நாளில் குழியை மூடி, மண்ணைக் கெட்டித்து, சாணி மெழுகிக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் தருமன் ஐந்து குழி தோண்டியிருந்தான், நான்கு குழி மூடியிருந்தான். சேவூர் ரோட்டு வீட்டில் வெளிச்சம் போதவில்லை. ஆற்றங்கரை வீட்டில் ஐப்பசி பிறந்தால் குழியில் தண்ணீர் ஊறும். முழங்கால் வரை ஈரத்தில் வைத்து நெய்ததில் பாதத்தோல் உரிந்து போயிற்று. மூன்றாவது வீட்டுக்காரருக்குத் தறிச் சத்தத்தில் தலை வலித்தது. நான்காவது வீட்டுக்காரர் காரணமே சொல்லவில்லை. ஐந்தாவதில் ஆடிக்கு ஆடி வாடகை ஏறியது.

"எலி கூட ஒரு வளையில நிலைச்சு இருக்குது. நீங்க தோண்டறதும் மூடறதுமாவே போயிடுவீங்க போல" என்பாள் அவன் மனைவி அம்மணி. சொன்னவளே ஒரு நாள் தன் கம்மலையும் கால்காப்பையும் அவிழ்த்து அவன் கையில் வைத்தாள். பதினோரு வருஷச் சேமிப்போடு அதுவும் சேர்ந்தது. தருமன் தரகர் துரைசாமியிடம் போனான்.

வேறு யாரிடம் போவது? ஊரில் மாடு கைமாறினாலும் மனை கைமாறினாலும், பெண் வீட்டுக்கும் பிள்ளை வீட்டுக்கும் ஜாதகம் போய் வந்தாலும், நடுவில் துரைசாமியின் வெற்றிலைப் பெட்டி இருக்கும். நெற்றியில் பட்டையாக விபூதி, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. தரகு என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்லமாட்டார். "கை விசேஷம்" என்பார்.

தருமனை அவர் கூட்டிப்போன வீடு பட்டணத்துக்குக் குடிபெயரும் முருகேசனுடையது. வாசலிலேயே துரைசாமி நின்றுவிட்டார்.

"உள்ள போறதுக்கு முன்னாடி சொல்லிடறேன் தருமா. தெக்குச் சுவர்ல விரிசல் இருக்குது. சித்திரையில கெணத்துத் தண்ணி அடியில போயிடும். இதை மறைச்சு வித்தேன்னு நாளைக்கு நீ சொல்லக்கூடாது. மனுசனுக்கு மனுசன் உண்மையா நடந்துக்கணுமா இல்லியா?"

தருமன் அந்த இடத்திலேயே உருகிப்போனான். விற்கிற வீட்டின் குறையைத் தன் வாயால் சொல்லும் தரகரை அவன் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஓரத்தில் விழுந்த முடிச்சைத் தானே விரித்துக் காட்டி, சேலையின் நடுவில் அறுந்த இழையை மடிப்புக்குள் வைத்துவிடும் வியாபாரியை அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது சேலை. இது வீடு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு அவனுக்குத் தோன்றவில்லை.

நடுக்கூடத்தில் ஒரு தறிக்குழி தயாராக இருந்தது.

மேலே முற்றத்து வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது. தருமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தான். கால்கள் கீழே போய்த் தரையைத் தொட்டபோது அவனுக்கென்றே அளவெடுத்து வெட்டியது போலிருந்தது. விளிம்பு எண்ணெய் தடவியது போல வழவழவென்றிருந்தது. குழிக்குள் ஒரு நூலாம்படை இல்லை, ஒரு பாச்சை இல்லை.

"ஆறு மாசமா இந்தக் குழி சும்மாதான் கெடக்குது" என்றார் துரைசாமி.

குழியின் அடியில் அரக்கு நிறத்தில் ஒரு துண்டு இழை கிடந்தது. தருமன் எடுத்து விரலிடுக்கில் ஓட்டினான். "நல்ல பட்டு" என்றான். சாயத்தின் சொரசொரப்புகூட இன்னும் போகவில்லை, முக்கி ஒரு மாதம் இருக்காது என்று விரல் சொல்லியது. விரல் சொன்னதில் நல்ல பட்டு என்பதை மட்டும்தான் அவன் காதில் வாங்கினான். இழையை மடியில் முடிந்துகொண்டு எழுந்தான்.

ரிஜிஸ்தர் ஆபீசு மரத்தடியில் துரைசாமியே பத்திரத்தைப் படித்துக் காட்டினார். நான்கு எல்லை, கிணறு, முருங்கை மரம் எல்லாம் வந்தன. தருமனுக்கு எழுத்துத் தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். மறுநாள் முருகேசன் குடும்பத்தோடு ரயிலேறினான். அந்த வெள்ளிக்கிழமை அம்மணி புது வீட்டில் பால் காய்ச்சினாள். தருமன் குழிக்கு மேல் தறியைப் பூட்டி, பாவு நூலைப் பிணைத்து, குறுக்கிழை சுமக்கும் நாடாவை ஓட்டத் தொடங்கினான்.

நான்காம் நாள் மத்தியானம் பின்கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். விதவைக் கோலம், கக்கத்தில் ஒரு துணி மூட்டை. நடுக்கூடத்தில் அப்படியே நின்றாள்.

"யாருய்யா நீ? என் குழியில உக்காந்துகினு இருக்கறே?"

"இது என் வீடும்மா" என்றான் தருமன்.

"வீடு யாரோடதாவது இருந்துட்டுப் போவட்டும். எழுந்திரு. குழி என்னோடது."

அவள் பெயர் அபிதகுசாம்பாள். முருகேசனின் செத்துப்போன அண்ணனுடைய மனைவி. புருஷன் போன பிறகு அவன் தறியில் தானே உட்கார்ந்து பதினாறு வருஷமாக நெய்து வருகிறாள். அம்மணி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடி நடந்ததைச் சொன்னாள்.

"தேவிகாபுரம் அம்மனுக்கு வேண்டிகினது பாக்கி நிக்குதுன்னு தரகர்தான் ஞாபகப்படுத்தினார். வண்டிக்கூலி அவரே குடுத்தார். ஒரு மாசம் தங்கி விளக்குப் போட்டுட்டு வாம்மான்னார். நான் கெளம்பறப்பவே தறியைக் கழட்டி மாட்டுக் கொட்டாய்ல வச்சாங்க. தரை மெழுகறோம்னாங்க. இந்தக் காலத்துல இப்படியும் ஒரு நல்ல மனுசனான்னு நெனைச்சிகினே போனேன்." சொல்லும்போதே இருமல் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருமி முடிந்ததும் கேட்டாள்: "என் மச்சினன் வீட்டை வித்தான், சரி. என்னையும் சேத்து வித்தானா, கழிச்சுட்டு வித்தானா? அதை மட்டும் சொல்லுங்க."

தருமன் பெட்டியிலிருந்த பத்திரத்தை எடுத்துக்கொண்டு பாதிரிமார் பள்ளிக்கூடத்து வாத்தியார் சிங்கராயரிடம் ஓடினான். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முழுதும் படித்தார். எல்லை வந்தது, கிணறு வந்தது, முருங்கை மரம் வந்தது. அதற்குப் பிறகு, தருமன் மரத்தடியில் கேட்காத ஒன்று வந்தது.

'மேற்படி வீட்டை அனுபவிக்கிறவர் எவராயிருந்தாலும், மேற்படி அபிதகுசாம்பாளுக்கு அவள் ஆயுசுள்ள மட்டும் நடுக்கூடத்தில் தறியோடு குடியிருக்க இடமும், மாதம் பதினாறு படி அரிசியும், வருஷத்துக்கு இரண்டு சேலையும் கொடுத்துவர வேண்டியது.'

"இதையெல்லாம் உனக்குச் சொல்லலியா?" என்று கேட்டார் சிங்கராயர்.

தருமன் பத்திரத்தை மடித்து வாங்கிக்கொண்டான். தரகர் வீட்டுக்குப் போகிற வழியில் எதிர்வீட்டு ரங்கம்மாள் முறத்தோடு நின்றிருந்தாள். "அபிதா வந்துட்டா போல?" என்றாள், மழை வந்துவிட்டதா என்று கேட்பதுபோல.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியுமே தம்பி. நீ கேக்கலியே. எங்க பொண்ணுக்கு வரன் அவர்தானே பாத்துகினு இருக்கறார். நடுவுல பூந்து நாங்க எதுக்குக் கெட்ட பேர் எடுக்கறது?" முறத்திலிருந்த கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

துரைசாமி கொல்லையில் மணைமேல் உட்கார்ந்திருந்தார். நாவிதன் அவர் காதில் குரும்பி எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கண் சொக்கி மூடியிருந்தது. தருமன் பத்திரத்தை நீட்டியதும் மற்ற கண்ணால் பார்த்தார்.

"நீ கேக்கவே இல்லியே தருமா."

"அந்த வரியை நீங்க படிக்கவே இல்லியே."

"அம்மாம் பெரிய பத்திரம். மேற்படி மேற்படின்னு அத்தனையும் படிச்சா நீ தூங்கிடுவே. முக்கியமானது எதுவோ அதைப் படிச்சேன்." நாவிதன் எடுத்த குரும்பியைத் தன் உள்ளங்கையில் வைக்கச் சொல்லி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தி. "இன்னும் கொஞ்சம் ஆழத்துல கெடக்குது பாருடா" என்றார் நாவிதனிடம். பிறகு குரலைத் தணித்தார். "இங்க பாரு. அவளுக்கு இருமல், கவனிச்சியா? போன மார்கழியில ரத்தம் வந்துதாம். எம்மாம் நாளைக்கு ஓடும்? அதுவரைக்கும் பொறுக்க முடியாதுன்னா வேற வழி இருக்குது. அவளுக்கு இனி எந்த உரிமையும் இல்லைன்னு விடுதலைப் பத்திரம் ஒண்ணு எழுதிடலாம். அரிசிக்கு எழுதிக் குடுக்கறோம்னு சொன்னா கையெழுத்துக்குப் பதிலா கீறல் போட்டுடுவா. நான்தானே படிச்சுக் காட்டப்போறேன்? உனக்குப் படிச்சுக் காட்டின மாதிரியே அவளுக்கும் படிச்சுக் காட்டறேன். எனக்கு ஏதோ ஒரு சின்னக் கை விசேஷம் குடு, போதும்."

இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கம் என்று ஒன்று துளியும் இல்லை. தருமன் இன்னும் தன்னிடம் வந்து நிற்கும் வாடிக்கைதான் என்ற நிச்சயம் மட்டுமே அந்த ஒற்றைக் கண்ணில் இருந்தது. அந்த உள்ளங்கையிலிருந்துதான் தருமன் வெற்றிலை வாங்கிப் போட்டிருக்கிறான். கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுக்கக் குனிந்தான். ஒன்றும் வரவில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வெளியே வந்தான்.

அவனைப் புரட்டியது தரகர் மட்டும் என்றால் துப்பியதோடு போயிருக்கும். ரத்தம் வந்ததாம் என்று அவர் சொன்ன நொடியில், 'அப்படியானால் அடுத்த பொங்கலுக்குள்' என்று தன் மனசு தானாகக் கணக்குப் போட்டதைத் தருமன் கவனித்துவிட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே போட்டது.

வீட்டில் அபிதகுசாம்பாள் மூட்டையை அவிழ்க்காமல் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மணி அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சேத்துத்தான்" என்றான் தருமன். "பத்திரத்துல இருக்குது. உங்களைச் சேத்துத்தான் வாங்கியிருக்கறேன்."

"எனக்குத் தெரியாம வாங்கினியா, தெரிஞ்சு வாங்கினியா?"

"தெரியாமதான்."

"அப்ப நாளைக்கு என் மேல எரிஞ்சு விழுவே."

"விழுவேன்" என்றான். "குழியை விட்டுடறேன்."

அன்றைக்கே தன் பாவு நூலை அவிழ்த்துச் சுருட்டினான். மாட்டுக் கொட்டாயில் கிடந்த அவள் தறியைத் தூக்கி வந்து நடுக்கூடத்தில் பூட்டிக் கொடுத்தான். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்தாழ்வாரத்துக்குப் போனான். வெளிச்சம் காலையில் இரண்டு நாழிகையும் சாயங்காலம் ஒரு நாழிகையும்தான் அங்கே வரும். மண்ணும் கல் கலந்த மண். சொந்த வீட்டில் குழி தோண்ட வேண்டியிருக்காது என்று நம்பி வந்தவன் தன் ஆறாவது குழியைத் தோண்டினான். அம்மணி மண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டினாள். எலியைப் பற்றி அவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே யாரிடமும் தருமன் வாய் திறக்கவில்லை. பட்டில் ஏமாறாதவன் வீட்டில் ஏமாந்தான் என்ற பேச்சைத் தானே எதற்குக் கிளப்புவது? அந்த மௌனம் துரைசாமிக்கு வசதியாகப் போயிற்று. தை மாதத்தில் ஒரு நாள் புதுசாக யாரோ ஒரு நெசவுக்காரனையும் அவன் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு தெருவோடு வந்தார். வாசலில் பாவு நூலுக்குப் பசை போட்டுக்கொண்டிருந்த தருமனைக் காட்டி, "இவரையே கேளுங்களேன். நான் முடிச்ச வீடுதான்" என்றார். ரங்கம்மாள் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறக்கமாட்டாள் என்று தருமனுக்குத் தெரியும்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "நான் ஏமாந்தேன்" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "உள்ள ஒரு அம்மா இருக்கறாங்க. அவங்க இருக்கறதை இவர் எனக்குச் சொல்லலை. இவர் படிக்கறதைக் கேட்டு வாங்காதீங்க. பள்ளிக்கூடத்து வாத்தியார்கிட்ட குடுத்துப் படிச்சுப் பாருங்க."

துரைசாமி சிரித்தார். "பேஜார் புடிச்ச மனுசன். வெளையாட்டுக்குச் சொல்றார்" என்று சொல்லி அவர்களை நடத்திக்கொண்டு போனார். அந்தப் பெண்பிள்ளை மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

இப்போது அந்த வீட்டில் இரண்டு தறிகள் ஓடுகின்றன. மாதம் பிறந்தால் பதினாறு படியையும் அம்மணி அளந்து வைக்கிறாள். எரிந்து விழுந்த நாட்களும் உண்டு. அபிதகுசாம்பாள் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பாள். அதெல்லாம் ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு நடப்பதுதான், தருமன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவனால் தாங்க முடியாதது வேறு. நடுக்கூடத்தில் அவள் இருமினால் பின்தாழ்வாரத்தில் அவன் கையிலிருக்கும் நாடா நின்றுவிடுகிறது. நேற்றைவிடக் கூடுதலா, குறைவா என்று காது தானாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. போகாதே என்று அவன் சொன்னால் கேட்பதில்லை. இருமல் அடங்கி அவள் தறி மறுபடி சத்தம் போட்ட பிறகுதான், ஒவ்வொரு முறையும், தான் எதற்காகக் காத்திருந்தோம் என்பது அவனுக்கு உறைக்கிறது. அப்போது கொல்லையில் சொக்கிக் கிடந்த அந்த முகமும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த குரும்பியும் கண்முன் வருகின்றன. தருமன் தலையைத் திருப்பிக் குழிக்கு வெளியே துப்புகிறான். துப்பிவிட்டு நாடாவை எடுக்கிறான்.