திருப்பதியில் மூன்று பேருக்கு ஒரு வீடு

லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதற்கு ஒரு மெக்கானிக் இருக்கிறான் என்பது யாருக்கும் நினைவிருக்காது; இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் மட்டும் கடவுளுக்கு அடுத்தபடியாக எங்களைத்தான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷம் சித்தூரில் இந்த வேலை பார்த்தேன். போன பங்குனியில் திருப்பதிக்கு மாற்றல் வந்தது. மாற்றல் ஆர்டரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு 'டு லெட்' பலகை தேடித் தெருத்தெருவாக அலைந்தவர்களே, உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லிவிடப்போவதில்லை. நீங்களும் பட்டவர்கள், நானும் பட்டவன். கொஞ்ச நேரம் சேர்ந்து உட்காரலாம், அவ்வளவுதான்.

அரை மணிக்குள்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது, தினமும் போய்வரலாமே என்பீர்கள். எங்கள் தொழிலில் அது நடக்காது. லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் அரை மணிக்குள் மெக்கானிக் அங்கே நிற்க வேண்டும். அதனால் டவுனுக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

என் மனைவி செல்வி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். மகள் கீர்த்தனா எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும், நல்ல தண்ணீர் வர வேண்டும், தைக்கக் கொடுக்கிற மாதிரி நாலு பெண்கள் தெருவில் இருக்க வேண்டும் என்று செல்வி சொல்லச் சொல்ல, சர்வீஸ் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிக்கொண்டேன். பஸ் ஏற்றிவிட வந்தபோது அவள் சொன்னது: "ஜூன்ல ஸ்கூல் தொறந்துடுவாங்க. அதுக்குள்ள வூடு பார்த்தீங்கன்னா வர்றோம். இல்லன்னா இந்த வருஷம் நீங்க அங்க, நாங்க இங்க."

போட்டோவில் இருப்பவர்கள்

கொர்லகுண்டாவில் முதல் வாரமே ஒரு நல்ல வீடு அகப்பட்டது. பின் அட்டையில் எழுதியதெல்லாம் பொருந்தி வந்தது. வீட்டுக்காரர் தெலுங்குக்காரர், எனக்காகத் தமிழும் பேசினார். என் தோளில் இருந்த டூல் பையையும் கிரீஸ் போகாத நகங்களையும் பார்த்தார். "ஃபேமிலி எக்கட?" என்றார். சித்தூரில் என்றேன். செல்போனில் மூன்று பேரும் சேர்ந்து எடுத்த போட்டோவைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, செல்வியின் முகத்தையும் கீர்த்தனாவின் முகத்தையும் தனித்தனியாகப் பார்த்தார்.

செல்விக்குப் போன் செய்து, வீட்டுக்காரர் உங்களை நேரில் பார்க்க வேண்டுமாம், ஒரு நடை வந்து போ என்றேன். கல்யாண சீசன், தைக்க வேண்டிய பிளவுஸ் மலை மாதிரி கிடக்கிறது, நீங்கள் முதலில் வீட்டை முடிவு செய்யுங்கள், வருகிறேன் என்றாள். குடும்பம் வந்தால் வீடு என்கிறார் இவர், வீடு கிடைத்தால் வருவேன் என்கிறாள் அவள். இதை வீட்டுக்காரரிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போட்டோ எல்லார்கிட்டயும் இருக்குதுப்பா. ஆளைக் கூட்டினு வா, சாவி தரேன்."

மொட்டைக் கணக்கு

வேறு எந்த ஊரிலும் வீட்டுக்காரர்கள் கேட்காத கேள்வி ஒன்று திருப்பதியில் உண்டு. பைராகிப்பட்டேடாவில் ஒரு அம்மாள் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "தரிசனத்துக்கு சொந்தக்காரங்க வருஷத்துக்கு எத்தினி பேரு வருவாங்க?" முன்பு குடியிருந்தவர் வீட்டில் வாரம் தவறாமல் ஒரு கூட்டம் வந்து இறங்குமாம். மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குளித்து முடிப்பதற்குள் மேல்தொட்டி காலியாகிவிடுமாம். அதனால் இப்போது எண்ணிக்கையைப் பேசி முடித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அம்மாவும் நைனாவும் இல்லை. விஜயபுரத்தில் இருக்கிற அண்ணன், வேர்க்கடலை நிலத்தைப் பிரித்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. செல்வி பக்கத்து ஆட்கள் நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து போகிறவர்கள். "யாரும் வரமாட்டாங்கம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே உறைத்தது. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திருப்பதில வூடு கேட்டுக்கினு வந்து, சொந்தக்காரங்க வரமாட்டாங்கன்னு சொல்ற மொத ஆளு நீதான். பொய் சொல்றவங்களுக்கு நான் வூடு குடுக்கறதில்ல."

கதவுக்கு அந்தப் பக்கம்

ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவர். கோயிலில் பாராயண கைங்கர்யம் செய்து ஓய்ந்தவர், திருப்பதியிலேயே சொந்த வீடு உள்ளவர், மகனைப் பார்க்க வந்திருந்தார். என்னோடு வேலை பார்க்கும் முனிரத்தினம் மேலே மெஷின் ரூமில் கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தான். மாட்டிக்கொண்டவர் பயப்படாமல் இருக்க கதவருகே ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது என் வேலை.

இருபது நிமிஷம் பேசினோம். திருப்பதிக்கு வந்த பிறகு ஒரே மூச்சில் அத்தனை நேரம் யாரோடும் நான் பேசியதில்லை. வீடு தேடும் கதையைக் கேட்டு உருகிவிட்டார். எங்காத்து மாடி காலியாகத்தான் இருக்கு, மூணு பேரும் வந்துடுங்கோ, உங்க பொண்ணுக்கு மாமி கணக்குச் சொல்லித்தருவா என்றார். கதவைத் திறந்து கைகொடுத்து இறக்கினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டவர், தயங்கித் தயங்கி, "நீங்க மாம்சம் சாப்பிடறவாளா?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்கு உண்மையிலேயே வருத்தம், பிடித்த கையை விடவில்லை. "உள்ள இருக்கறச்சே இதைக் கேக்கத் தோணலை பாருங்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகள்

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். மே மாதத்துக்குள், எனக்குச் சரிப்படாது என்று தெரிந்த வீடுகளையும் பார்க்கப் போக ஆரம்பித்திருந்தேன். தங்கியிருந்த ரூமில் ஒரு கட்டிலும் ஒரு கொக்கியும்தான். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்தால் சாயங்காலம் வரை பேச ஆள் கிடையாது. வீடு பார்க்க வந்தவன் என்றால் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்வார்கள். தண்ணீர் தருவார்கள். சமையலறையில் ஏதாவது தாளிக்கிற சத்தம் கேட்கும். மனைவி என்ன செய்கிறார், பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்பார்கள். நான் விலாவாரியாகச் சொல்வேன்.

திருச்சானூர் ரோட்டில் ஒரு வீட்டில் காலி செய்யப்போகும் குடித்தனக்காரப் பெண் டீ கூடக் கொடுத்தார். அலமாரியைத் திறந்து பார்த்தேன், குழாயைத் திருகிப் பார்த்தேன், ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, டம்ளரை வாங்கிக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டார்: "போன ஞாயித்துக்கெழமயும் வந்து பார்த்தீங்களேண்ணா, ஞாபகம் இல்லையா?"

காதால் பிடித்த வீடு

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது கரகம்பாடி ரோட்டில் நானே சர்வீஸ் பார்க்கும் ஒரு அடுக்குமாடியில் மேல் மாடி வீடு காலியானது. இரண்டு படுக்கையறை, நல்ல தண்ணீர், பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. வீட்டை வாடகைக்கு விடுகிற குடியிருப்போர் சங்கச் செயலாளர் போட்டோ கேட்கவில்லை, எண்ணிக்கை கேட்கவில்லை, சாப்பாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. வீட்டுக்கு நேர் மேலே மெஷின் ரூம். லிஃப்ட் நிற்கும்போதெல்லாம் பிரேக் விழுகிற சத்தம் கூடத்தில் 'டக்' என்று கேட்டது. வேறு எவனாவது இருந்தால் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பான். நான் காதைக் கொடுத்துக் கேட்டேன், பிரேக் சுத்தமாக விழுந்தது. லிஃப்ட் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு அங்கேயே சரி என்றேன். என் புத்தி அப்படி. செயலாளர் என்னைவிடச் சந்தோஷப்பட்டார்: "மெக்கானிக் மேல் மாடியிலயே இருந்தா, இங்க எவருக்கும் டென்ஷனே லேது."

சனி, ஞாயிறு

சனிக்கிழமை காலை பஸ்ஸில் இருவரும் வந்தார்கள். கீர்த்தனா மலை தெரிகிற அறையைத் தனக்கு என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு மணிக்கு நாலாம் மாடிக்காரர் பெல் அடித்தார், லிஃப்ட் கதவு மூடவில்லையாம். சரிசெய்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், ஒரு லாட்ஜில் ஆள் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. மேலே 'டக்' என்று விழும்போதெல்லாம் கீர்த்தனா திடுக்கிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் பள்ளிக்கூடம் பார்க்கக் கிளம்பினோம். படியிலேயே செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் முன்னால் போங்கள், வந்துவிடுகிறேன் என்றேன். நான் வேலை முடித்து வந்தபோது அவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பி, பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பஸ் நிலையத்தில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, எப்போது சாமான் ஏற்றலாம் என்று கேட்டேன். கீர்த்தனா அம்மாவைப் பார்த்தாள். செல்வி கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்: "சித்தூர்லயும் நீங்க வூட்ல இருந்தது இல்ல, இங்கயும் இருக்கப்போறது இல்ல. அங்கன்னா எங்களுக்குப் பேசறதுக்கு நாலு பேரு இருக்காங்க."

தண்ணீர் வருமா, பள்ளிக்கூடம் பக்கமா என்று திருப்பதி முழுக்க விசாரித்துவிட்டு, வர இஷ்டமா என்று வீட்டில் இருந்த இரண்டு பேரை மட்டும் விசாரிக்காமல் விட்ட நான், இப்போது இரண்டு படுக்கையறையையும் ஒற்றை ஆளாகப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.